உடைத்த சிலையும் நட்ட சிலையும்

சிலை என்பது கல்லில் மட்டுமே செதுக்கப்படுவதன்று. ஏட்டிலும் செதுக்கலாம், இசைத்தட்டிலும் செதுக்கலாம். கல்லில் செதுக்கியதன் முன்னே கைகூப்ப மறுக்கும் இளைஞன், இசைத்தட்டில் செதுக்கியதன் முன்னே கண்மூடி நிற்பதைக் காண்கிறோம். கேட்டால், "இது பக்தியன்று, ரசனை" என்பான். ரசனை வேண்டும், மறுக்கவில்லை. பாட்டைக் கேட்டுத் தலையசைக்காதவனே பகுத்தறிவாளன் என்று எவரும் இலக்கணம் எழுதி வைக்கவில்லை. ஆயின், கேள்வி கேட்பதை ரசனை எந்த நொடியில் நிறுத்திக்கொள்கிறதோ, அந்த நொடியிலேயே அது வழிபாடாகிவிடுகிறது. பாடகனின் குரலைப் போற்றத் தொடங்கியவன், பிறகு அவன் குடியைப் போற்றுகிறான். அவன் பெண்களைக் கைவிட்டதையும் போற்றுகிறான். "மேதை அப்படித்தான் இருப்பான்" என்று முடிக்கிறான். தேவர்களின் ஒழுக்கக்கேட்டுக்குத் 'திருவிளையாடல்' என்று பெயர் சூட்டினார்களே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இந்தக் கேள்வியைக் கையிலே பிடித்துக்கொண்டு ஒரு நாவலைப் படித்தோம். அமெரிக்க எழுத்தாளர் டெய்லர் ஜென்கின்ஸ் ரீட் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டெய்சி ஜோன்ஸ் அண்ட் தி சிக்ஸ்' என்பது அதன் பெயர். 1970-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே புகழின் உச்சிக்கு ஏறி, ஒரே இரவில் கலைந்துபோன ராக் இசைக்குழு ஒன்றின் கதை. அந்தக் குழு எந்நாளும் இருந்ததில்லை, முழுக் கற்பனை. எனினும் 2023-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் இதனைப் பத்துப் பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக்கிற்று. கதையிலே வரும் 'அரோரா' என்னும் இசைத்தொகுப்பு மெய்யாகவே பதிவு செய்யப்பட்டு, அதே ஆண்டில் விற்பனைக்கும் வந்தது. இல்லாத குழுவுக்கு இருக்கின்ற ரசிகர்கள்! இல்லாததை இருப்பதாகக் காட்டிக் காசு பார்க்கும் கலையில் கோயில்காரர் மட்டுமே வல்லவர் என்று எண்ண வேண்டா, வணிகரும் வல்லவரே!

இந்நூலைக் குறித்து இரு வேறு குரல்கள் கேட்கின்றன. "ஆரவார இசை, போதை மருந்து, அரைகுறை உடை—இதிலே படிப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று புரட்டாமலே மூடி வைப்போர் ஒருபுறம். "காதலுக்கு இப்படி ஒரு காவியமா!" என்று கண்ணீர் துடைத்துக்கொள்வோர் மறுபுறம். இரு சாராரோடும் நமக்கு உடன்பாடில்லை. முதற்சாரார் ஒரு நல்ல நூலை இழக்கின்றனர். இரண்டாம் சாரார், அந்நூல் கற்றுத் தந்த பாடத்தையே அதன் கடைசிப் பக்கங்களில் தொலைத்துவிட்டு நிற்கின்றனர். தொலைத்ததில் நூலாசிரியருக்கும் பங்குண்டு என்பதே நம் வழக்கு.

கதை இது

டெய்சி ஜோன்ஸ் செல்வர் வீட்டுப் பெண். தந்தை ஓவியர், தாய் ஆடை விளம்பர அழகி. வீட்டிலே எல்லாம் உண்டு. அவளைக் கவனிப்பார் மட்டும் இல்லை. பள்ளி செல்லும் வயதிலேயே சன்செட் ஸ்ட்ரிப் என்னும் தெருவின் இசைக்கூடங்களுக்குள் நுழைகிறாள். பாட்டும் பழகுகிறது; பாட்டோடு போதை மருந்தும் பழகுகிறது.

மறுபுறம், பிட்ஸ்பர்க் நகரத்து எளிய குடும்பத்தில் பிறந்த உடன்பிறந்தார் இருவர்: பில்லி டன், கிரகாம் டன். தந்தை கைவிட்டுப் போன குடும்பம். இருவரும் கிதார் கற்கின்றனர், குழு அமைக்கின்றனர். எடி, பீட் என்னும் சகோதரர், டிரம்ஸ் வாசிக்கும் வாரன், கீபோர்டு வாசிக்கும் கேரன் ஆகியோர் சேர, 'தி சிக்ஸ்' உருவாகிறது. பில்லிக்கு மனைவி கேமிலா. புகழின் முதல் படியிலேயே பில்லி மதுவிலும் போதையிலும் விழுகிறான். கருவுற்ற மனைவி காண வருகிறாள். அவன் இன்னொருத்தியோடு இருக்கிறான். மகள் பிறக்கும் வேளையில், குழந்தையின் முகத்தைப் பார்க்கவும் துணிவின்றிப் போதை மீட்பு விடுதிக்குப் போகிறான். திருந்தி வருகிறான். கேமிலா மன்னிக்கிறாள்.

பின்னர் ஒரு பாட்டுக்குத் துணைக்குரலாக வருகிறாள் டெய்சி. பாட்டு வெல்கிறது, அவள் குழுவில் ஒருத்தியாகிறாள். அவளும் பில்லியும் மோதிக்கொண்டே எழுதுகிறார்கள். மோதலுக்கு உள்ளே காதல் வளர்கிறது. 1979-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12-ஆம் நாள், சிக்காகோ நகரில் கடைசி நிகழ்ச்சி. மறுநாள் குழு இல்லை. ஏன் கலைந்தது? அதுவே நாவல் அவிழ்க்கும் முடிச்சு.

ஐயத்தைக் கற்பிக்கும் வடிவம்

முதலில் பாராட்டு. இந்நூலில் கதை சொல்லும் ஆசிரியரின் குரல் கிட்டத்தட்ட இல்லை. ஆண்டுகள் பல கழிந்தபின், குழுவினரும் அவர்களைச் சூழ்ந்திருந்தோரும் அளித்த பேட்டிகளின் தொகுப்பாகவே நூல் முழுதும் நடக்கிறது. பெயர், அதன்கீழ் அவர் கூற்று. அடுத்த பெயர், அடுத்த கூற்று. "இப்படித்தான் நடந்தது" என்று ஒருவர் முடிப்பதற்குள், "இல்லவே இல்லை" என்று மற்றவர் தொடங்குகிறார். பில்லி தன்னைக் குழுவின் பாரம் சுமந்தவனாகக் காண்கிறான். எடி அவனை வல்லாட்சி நடத்தியவனாகக் காண்கிறான். இருவரும் பொய்யர் அல்லர். இருவரும் முழு உண்மை கூறியவரும் அல்லர்.

இதைவிட நல்ல பகுத்தறிவுப் பயிற்சி வேறென்ன வேண்டும்? எந்தச் சாட்சியும் வேதமன்று. சொல்பவன் யார், எதற்காகச் சொல்கிறான், சொல்வதால் அவனுக்கு என்ன ஆதாயம் என்று எடைபோட்டுத்தான் ஏற்க வேண்டும். இதனைப் போதனையாகச் சொல்லாமல், ஒவ்வொரு பக்கத்திலும் படிப்பவன் தானே செய்து பழகும்படி வைத்திருக்கிறார் ஆசிரியர். மேடையில் ஒளிவட்டத்தோடு நின்ற பாடகன், உடன் வாசித்தவன் வாயால் சாதாரண மனிதனாகிறான், தன்னல மனிதனாகிறான், அஞ்சும் மனிதனாகிறான். ரசிகன் நட்டுவைத்த சிலையைக் குழுவினரே கூடி உடைக்கின்றனர். கைதட்டுகிறோம்!

எவர் பெயர்?

இரண்டாவது பாராட்டு, டெய்சிக்கு. அவளை அழகி என்கின்றனர், தூண்டுகோல் என்கின்றனர். அவள் பேச்சிலே உதிர்ந்த ஒரு சொற்றொடரை எடுத்து ஆண்மகன் ஒருவன் பாட்டாக்கிப் பெயர் வாங்குகிறான். அவளோ, பிறர் பாட்டுக்குப் பொறியாக இருந்து அணைய மறுக்கிறாள். எழுதுகிறவள் நான், என் பெயரும் இருக்கட்டும் என்கிறாள். இசைத்தட்டு நிறுவனம் அவளை முதலில் பிறர் எழுதிய பாட்டைப் பாடும் பதுமையாகத்தான் அமர்த்துகிறது. அந்தப் பதுமை வாய் திறந்து பங்கு கேட்கிறது. அதுவே நாவலின் உயிர்.

இது கற்பனைப் பெண்ணின் வீம்பன்று, மெய்யான வரலாறு. தாம் இந்நாவலை எழுதத் தூண்டியது ஃப்ளீட்வுட் மாக் என்னும் இசைக்குழுவின் மேடைக்காட்சி என்று ஆசிரியரே கூறியிருக்கிறார். அந்தக் குழுவின் 'ரூமர்ஸ்' தொகுப்பு 1977-இல் வெளிவந்தது. குழுவில் இருந்த பாடகி ஸ்டீவி நிக்ஸ் அத்தொகுப்புக்கென எழுதிய 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' என்னும் பாட்டு அதிலே இடம்பெறவில்லை. ஒற்றைப் பாட்டுத் தட்டு ஒன்றின் பின்பக்கத்துக்குத் தள்ளப்பட்டது. முன்பக்கத்தில் இருந்தது யார் பாட்டு? அவரை விட்டுப் பிரிந்த காதலர் லிண்ட்சே பக்கிங்காம், அந்தப் பிரிவைப் பற்றியே எழுதிய பாட்டு! அவர் கட்சி முன்பக்கம்; இவர் கட்சி பின்பக்கம். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1997-இல், அதே மேடையில் அதே மனிதரை நேர்நோக்கி நிக்ஸ் அந்தப் பாட்டைப் பாடினார். அப்போதுதான் உலகம் அதற்குச் செவிசாய்த்தது. ஒரு பெண்ணின் பாட்டு பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு வர இருபது ஆண்டுகள்! இந்த அநீதியின் சூட்டைத்தான் டெய்சியின் வாயிலே வைத்திருக்கிறார் ரீட். அதற்காக அவருக்கு நன்றி.

கேரனின் முடிவு

மூன்றாவது பாராட்டு, கேரனுக்கு. எல்லாரும் டெய்சியையும் பில்லியையும் பற்றியே பேசுகின்றனர். நம் உள்ளத்தில் நிற்பவள் கேரன். அவளுக்கும் கிரகாமுக்கும் உறவு. கருவுறுகிறாள். கிரகாமுக்குக் குழந்தை வேண்டும், குடும்பம் வேண்டும். நல்லவன், அன்புள்ளவன். ஆயினும் கேரன் தாயாக விரும்பவில்லை. இசையே தன் வாழ்வு என்கிறாள், கருவைக் கலைத்துவிடுகிறாள். பின்னாளிலும் அதற்காக அவள் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. கதையாசிரியரும் அவளுக்கு நோயையோ விபத்தையோ அனுப்பித் தண்டிக்கவில்லை. பெண் தன் விருப்பப்படி நடந்தால் இறுதி அத்தியாயத்தில் அவளுக்குத் தண்டனை காத்திருக்கும் என்பது எத்தனை மொழிகளில் எத்தனை கதைகளின் எழுதாச் சட்டம்! அந்தச் சட்டத்தை ரீட் மீறினார்.

கதை நடக்கும் காலத்தில் அமெரிக்காவில் கேரனுக்கு அந்த உரிமை இருந்தது. 1973-இல் 'ரோ எதிர் வேட்' வழக்கிலே அந்நாட்டு உச்சநீதிமன்றம் வழங்கிய உரிமை அது. நாவல் வெளிவந்த 2019-இலும் அத்தீர்ப்பு நிலைத்திருந்தது. மூன்றே ஆண்டுகள்! 2022-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் அதே நீதிமன்றம் அதே உரிமையைத் துடைத்தெறிந்தது; ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி தடை செய்யலாம் என்றாயிற்று; பல மாநிலங்கள் தடை செய்தும்விட்டன. கற்பனைக் கேரன் 1970-களில் பெற்றிருந்த உரிமை, அந்த மாநிலங்களில் இன்று அவள் பேத்தி வயதுப் பெண்ணுக்கு இல்லை. வென்ற உரிமை வென்றதாகவே கிடக்கும், காலம் தானாகவே முன்னோக்கி நடக்கும் என்று நம்பிக் கண்ணயர்வோர் இந்த ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கட்டும். இந்த அத்தியாயத்துக்காகவே இந்நூலை இளைஞர் படிக்கலாம் என்போம்.

மீண்டும் ஒரு சிலை

இவ்வளவு பாராட்டியபின் குறை கூறுவானேன்? பாராட்டத் தக்கது இவ்வளவு இருப்பதால்தான்! வெற்று நூலைக் குறை கூற எவன் நேரம் செலவிடுவான்?

நம் முதற் குற்றச்சாட்டு கேமிலாவைப் பற்றியது. நாவலிலே ஒவ்வொருவருக்கும் குறை உண்டு. பில்லிக்கு உண்டு, டெய்சிக்கு உண்டு, எடிக்கு உண்டு. கேமிலாவிடம் குறை என்று சொல்லத்தக்கது ஒன்றும் நம் கண்முன் நிற்பதில்லை. கணவன் துரோகம் செய்கிறான், பொறுக்கிறாள். போதையில் விழுகிறான், காக்கிறாள். வேறொருத்தி மேல் மனம் வைக்கிறான். அறிகிறாள், நம்புகிறாள், நிற்கிறாள். கேரன் கருக்கலைப்புக்குப் போகும்போது துணைக்குப் போகிறவளும் அவளே. சிக்காகோவில் டெய்சியைத் தேடிச் சென்று, அன்பான சொற்களால், இந்தக் குழுவை விட்டு விலகிவிடு என்று கூறுகிறவளும் அவளே.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! மனம் தடுமாறியவர் இருவர்; ஆணும் பெண்ணும். அறிவுரை கேட்டு மூட்டை கட்டியவள் யார்? பெண்! பில்லியும் பிறகு மேடையை விட்டான் என்பது மெய். ஆயின், அவன் திரும்பிப் போவதற்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டிலே மன்னிப்பதற்கென்றே ஒருத்தி இருந்தாள். பிறருக்குப் பாட்டெழுதி வாழத் தொழிலும் இருந்தது. டெய்சி விழுந்தபோது எந்த வீட்டில் எந்தக் கணவன் விளக்கேற்றிக் காத்திருந்தான்? இதே தவறுகளைக் கேமிலா செய்து, பில்லி பொறுத்திருந்தால், அவனைப் 'பொறுமையின் சிகரம்' என்று வாசகர் போற்றுவாரா? 'கையாலாகாதவன்' என்றல்லவா நகைப்பார்!

"கேமிலா அடிமையல்லள், தன் விருப்பத்தோடு நின்றாள்" என்பர் நாவலின் அன்பர்கள். ஏற்கிறோம். அது அவள் முடிவு, அதனை மதிக்கிறோம். ஆயின், நம் வழக்கு கேமிலாவோடன்று; அவளுக்குப் பீடம் அமைத்தவரோடு. பொறுத்துக்கொண்ட பெண்ணுக்குப் பீடம் அமைக்கும்போதெல்லாம், பொறுக்க மறுத்துப் புறப்பட்ட பெண்ணுக்கு மௌனமாக ஒரு குற்றப்பத்திரிகையும் எழுதப்படுகிறது. பத்தினியைப் பாடிய பாட்டெல்லாம் ஏனைய பெண்களின் காலுக்கு விலங்காயின. ராக் இசையின் ஒலியோடு அதே பாட்டைப் பாடினால் விலங்கு வளையலாகிவிடுமா?

முடிவைப் பாருங்கள். பேட்டிகளைத் தொகுத்தவர் யாரென்று நூலின் பிற்பகுதியில் தெரிகிறது: பில்லி-கேமிலாவின் மகள் ஜூலியா. கேமிலா காலமாகிவிட்டாள். மறைவதற்கு முன் மகள்களுக்கு அவள் எழுதிய கடிதத்தோடு கதை முடிகிறது: சிறிது காலம் கழித்து, உங்கள் தந்தையை டெய்சியுடன் பேச வையுங்கள் என்பது அதன் சாரம். வாசகர் அழுகின்றனர். நமக்கோ வேறொன்று தோன்றுகிறது. முதுமையை எட்டிய இருவர் ஒருவரோடொருவர் தொலைபேசியில் பேசவும் மறைந்த மனைவியின் கையொப்பம் வேண்டுமா? வீட்டையும் நிலத்தையும் உயிலில் எழுதுவது போல் கணவனையும் எழுதிவைத்துப் போவதா பெண்ணின் பெருமை?

தொகுத்தவள் மகள் என்றால், இது நடுநிலை ஆவணமன்று. மகள் தாய்க்கு எழுப்பிய நினைவுச்சின்னம். "அதைத்தான் ஆசிரியர் நுட்பமாக உணர்த்துகிறார், நீங்கள் ஐயுற வேண்டும் என்றே அப்படி அமைத்தார்" என்று மறுமொழி வரலாம். நல்லது, அப்படியானால், அந்த ஐயத்துக்கு நூலில் ஒரு பக்கமேனும் இடம் தந்திருக்க வேண்டாவா? எல்லாக் கூற்றுக்கும் எதிர்க்கூற்று வைத்த நூல், தாயைப் பற்றிய கூற்றுக்கு மட்டும் எதிர்க்கூற்று வைக்காததேன்? பில்லியின் சிலையை உடைத்த அதே கை, அந்த இடம் வெற்றிடமாக இருக்கப் பொறாமல், கேமிலாவின் சிலையை நட்டுவிட்டது. முதற்சிலையாவது ஆரவாரச் சிலை, பார்த்தவுடன் தெரியும். இரண்டாவது, கண்ணீரால் கழுவிய சிலை. உடைப்பதற்கு அதுவே கடினம்.

சிக்காகோவில் அதே நாளில்

இரண்டாவது குற்றச்சாட்டு சிமோன் ஜாக்சனைப் பற்றியது. டெய்சியின் ஆருயிர்த் தோழி, கறுப்பினப் பாடகி, டிஸ்கோ இசையில் புகழ் பெற்றவள். நாவலில் அவள் வேலை என்ன? பெரும்பாலும் டெய்சி விழும்போது தாங்குவது. டெய்சி அழும்போது அணைப்பது. டெய்சி தொலைந்தபோது தேடிப்போவது. அவள் தன் இசைக்காகப் பட்ட பாடு ஓரங்களில் தெரிகிறது, நடுவுக்கு வருவதில்லை.

ராக் இசையின் பிறப்பை அறிந்தோர்க்கு இந்த ஓரம் புதிதன்று. மின்கிதாரைத் தோளில் தொங்கவிட்டு, தேவாலயப் பாட்டை நடன மன்றத்துக்கு இழுத்து வந்து, 1945-இலேயே வெற்றிப் பாட்டுக் கண்டவர் சிஸ்டர் ரோசட்டா தார்ப் என்னும் கறுப்பினப் பெண்மணி. 1973-இல் மறைந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல்லும் இல்லை. ராக் இசையின் புகழ்மன்றம் அவருக்குக் கதவைத் திறந்தது 2018-இல்! 'ஹவுண்ட் டாக்' என்னும் பாட்டை 1952-இல் முதலில் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன், இன்னொரு கறுப்பினப் பெண். 1956-இல் அதே பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாடினார்; உலகப்புகழும் பெருஞ்செல்வமும் அவர் வாசலுக்கு வந்தன. தமக்குக் கிடைத்தது ஏறத்தாழ 500 டாலரே என்று தார்ன்டன் கூறியிருக்கிறார். 1955-இல் சக் பெர்ரி பாடிய 'மேபலின்' பாட்டின் ஆசிரியர் பட்டியலில், அவர் பெயரோடு வேறு இருவர் பெயர்களும் ஒட்டிக்கொண்டன. அவர்களுள் ஒருவர், வானொலியில் தட்டுகளை ஒலிபரப்பும் செல்வாக்குப் பெற்ற ஆலன் ஃப்ரீட். அந்தப் பெயர்கள் நீங்க 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வரலாற்றின் குறும்பு பாருங்கள்: தொலைக்காட்சித் தொடரில் டெய்சியாக நடித்த ரைலி கியோ, அதே எல்விஸின் பேத்தி. நடிப்புத் திறமிக்கவர், அவர்மேல் நமக்குக் குறையில்லை. ஆயினும் பாட்டின் சொத்து எந்த வழியாக இறங்கி வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிந்த படம் வேண்டுமா?

இனி, நாவலின் கடைசி நாளை மீண்டும் நினைவில் கொள்க. 1979 ஜூலை 12, சிக்காகோ. அதே நாளில், அதே நகரில், கோமிஸ்கி பார்க் என்னும் பேஸ்பால் அரங்கில் மெய்யாக என்ன நடந்தது? ராக் இசை வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் என்பவர் முன்னின்று 'டிஸ்கோ ஒழிப்பு இரவு' நடத்தினார். டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டு வருவோர்க்கு 98 சென்ட் மட்டுமே நுழைவுக் கட்டணம். ஏறத்தாழ 50,000 பேர் திரண்டனர். தட்டுகளைப் பெட்டியில் குவித்து மைதானத்தின் நடுவே வெடிவைத்துத் தகர்த்தனர். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாவது ஆட்டமே நடவாமற் போயிற்று. டிஸ்கோ யாருடைய இசை? கறுப்பின மக்களும், லத்தீன் அமெரிக்க மக்களும், ஒருபாலீர்ப்பினரும் நகரத்து நடன மன்றங்களில் வளர்த்தெடுத்த இசை. இது வெறும் விளையாட்டு, வெறுப்பன்று என்று டால் பின்னாளில் மறுத்தார். ஆனால், அன்று அந்த அரங்கில் வேலை பார்த்த கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ்—பின்னாளில் சிக்காகோவின் 'ஹவுஸ்' இசை முன்னோடிகளுள் ஒருவர்—டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் அங்கே வந்து குவிந்ததைக் கண்டதாகக் கூறியிருக்கிறார். எது எரிந்தது என்பது விளங்கவில்லையா?

ஒரு டிஸ்கோ பாடகியைக் கதையில் வைத்தவர். அந்த நாளைத் தேர்ந்தவர். அந்த நகரத்தைத் தேர்ந்தவர். ஆயினும் நாவலின் கண் அன்றிரவு மேடையையும் தங்கும் விடுதி அறைகளையும் விட்டு அகலவில்லை. இருவர் காதலின் புகைமூட்டத்தில், அதே ஊரில் எழுந்த அந்தப் புகை மறைந்துவிட்டது. சிமோனின் இசை மங்கியது பின்னர்ச் சில வரிகளில் வந்து போகிறது. மங்கியதா? மங்கவைத்தனரா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், இது காதற்கதை என்னும் எல்லையைத் தாண்டிக் காலத்தின் கதையாகியிருக்கும். டெய்சியின் பெயருக்காக வாதாடிய பேனா, சிமோனின் பெயருக்காக ஏன் வாதாடவில்லை?

"கதைதானே!" என்போர்க்கு

"கதைதானே, ஐயா! கதையைக் கதையாகப் படித்தால் என்ன? எதையெடுத்தாலும் வழக்காடுவதா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்வோம்: கதை என்பது சிறிய சக்தியன்று. மனிதன் சட்டத்தைப் படித்து அடிமையாவதில்லை. கதையைக் கேட்டே அடிமையாகிறான். பத்தினி ஆணையிட மழை பெய்யும் என்பதை எந்த ஆய்வுக்கூடம் மெய்ப்பித்தது? கதைதான் நம்பவைத்தது. எனவே கதையைக் கதையென்று விட்டுவிட முடியாது. இளைஞர் உள்ளத்தில் கதை எதை விதைக்கிறது என்று பார்ப்பது படிப்பவன் கடமை. பாடம் நடத்துவோர்க்கு இருமடங்கு கடமை.

நாவலாசிரியர் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்பதும் நம் கட்சியன்று. ஒரு விளக்கு ஓர் அறைக்குத்தான் ஒளி தரும். ஆனால், அடுத்த அறையில் ஆள் இருப்பதைத் தானே சொல்லிவிட்டு, கதவைச் சாத்துகிற விளக்குக்காரரை, "ஏன் சாத்தினீர்?" என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

ஆகவே, இளைஞர்களே, இந்நூலைப் படியுங்கள். மறைத்துப் படிக்க வேண்டியதில்லை. படிப்பகத்தில் வைத்தே படியுங்கள். ஒரு வாரம் கூடிப் பேசுங்கள். பெண் தோழர்கள் பேசத் தொடங்கட்டும். ஆண் தோழர்கள் முதலில் கேட்கட்டும். கேரனின் முடிவைப் பற்றி வாதிடுங்கள். டெய்சி கேட்ட பங்கை, நீங்கள் நடத்தும் கையெழுத்து ஏட்டிலும் நாடகக் குழுவிலும் உடனுழைக்கும் பெண்ணுக்குத் தந்திருக்கிறீர்களா என்று எண்ணுங்கள். எழுதியவள் ஒருத்தியாகவும் அச்சான பெயர் வேறொருவனுடையதாகவும் இருந்தால், முதலில் அதைத் திருத்துங்கள். பின்னர் 'அரோரா'வின் பாட்டுகளையும் கேளுங்கள், நன்றாகவே இருக்கின்றன. அதோடு நிறுத்தாமல் ரோசட்டா தார்ப் மின்கிதார் வாசிக்கும் பழைய படச்சுருளைத் தேடிப் பாருங்கள். வெள்ளை மேலங்கி அணிந்து, ரயில் நிலைய நடைமேடையில் நின்று, 1964-இல் மான்செஸ்டர் நகரில் அவர் வாசித்தது படமாகியிருக்கிறது. ஐம்பதை நெருங்கும் வயதில் அந்தப் பெண்மணி கிதாரை மீட்டும் வேகத்தைக் கண்டபின், ராக் இசைக்குத் தந்தை யார் என்று எவரேனும் கேட்டால், தாயின் பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள்.